பத்தி பிரித்தலும் படிப்போர் கண்ணும்

(செய்திமடல் அமைக்கும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு பாடம்)

விழா மலர் பல்லாண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. செய்திமடலோ தவணைதோறும் தளிர்ப்பது. மலரை அமைத்துக் கொடுக்க அச்சகத்தார் உளர். மடலை அமைப்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியரும் மாணவருமே. முன்னாளில் மெழுகுத் தாளிலே தட்டச்சுப் பொறித்து, றோனியோ இயந்திரத்திலே சுற்றியெடுத்த மடல், இந்நாளிற் கணினியிற் பிறந்து, நிழற்பிரதி இயந்திரத்தின் வாயிலாக வெளிவருகின்றது. கருவி மாறியது, படிப்போர்க்கு நாம் பட்டுள்ள கடன் மாறவில்லை.

கணினியிலுள்ள சொல் முறைவழிப்படுத்தல் மென்பொருள், பக்கத்தை இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்துப் பத்தி பத்தியாக எழுத்தைப் பாய்ச்ச வல்லது. ஒரு பொத்தானை அழுத்திய மாத்திரத்தே மடல் நாளிதழ்போலத் தோன்றும். அந்தத் தோற்றத்திலே மயங்கி இடறிய அநுபவம் எனக்குண்டு. ஆதலின் பத்தி பிரிக்கும் முறையையும், தமிழ் எழுத்தை அவ்வாறு பிரிக்குங்காற் கைக்கொள்ள வேண்டிய அளவையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றேன்.

பத்தியும் பந்தியும்

முதற்கண் சொற்பொருளைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். பத்தி, பந்தி என்னும் இரண்டும் வரிசை என்னும் பொருளையே உடையன. எனினும் இலங்கை வழக்கிலே, ஒரு கருத்தைச் சொல்லும் வாக்கியத் தொகுதியைப் 'பந்தி' என்கிறோம். பக்கத்தில் மேலிருந்து கீழாக இறங்கும் எழுத்து வரிசையைப் 'பத்தி' என்கிறோம். தமிழகத்து நூல்கள் சில பந்தியையும் 'பத்தி' என்றே கூறும். அந்நூல்களைக் கொண்டு கணினி கற்கும் மாணவர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்க. இங்கே பத்தி என்பது மேலிருந்து கீழிறங்கும் வரிசையே.

பக்கத்தைப் பத்தியாகப் பிரிப்பது எதற்கு? அழகுக்கு என்பர் பலர். அழகு அதன் பயன்களுள் ஒன்று, காரணம் அன்று. ஒரு வரியைப் படித்து முடித்த கண், மீண்டும் இடப்புறம் வந்து அடுத்த வரியின் தொடக்கத்தைப் பற்றுதல் வேண்டும். வரி மிக நீண்டதாயின் வரும் வழியிற் கண் தடுமாறும். படித்த வரியையே மீண்டும் படிக்கும், அன்றேல் ஒரு வரியைத் தாண்டிச் செல்லும். வரியைச் சுருக்கினால் இத்துன்பம் நீங்கும். ஆயின் அளவுக்கு மிஞ்சிச் சுருக்கினால் வேறொரு துன்பம் தோன்றும். அதனையே பின்னர்க் காணப் போகின்றோம்.

ஏட்டிலிருந்து தாளுக்கு

நம் முன்னோர் பனையோலையில் எழுதினர். ஓலை நீளமானது, அகலம் குறைந்தது. அதில் வரிகள் நெடியன; ஆனால் ஒரு பக்கத்திற் சில வரிகளே இருந்தமையால் கண் வழி தவறவில்லை. ஏட்டைக் கோத்துக் கட்டுதற்கு இட்ட துளையைச் சுற்றி எழுதாது சிறிது இடம் விட்டனர். அந்த வெற்றிடம் நெடிய வரியின் நடுவே கண்ணுக்கு ஓர் ஊன்றுகோல் ஆயிற்று எனலாம். மேலும், ஏட்டிலே சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி விடும் வழக்கம் இல்லை. புள்ளியிடும் வழக்கமும் அரிது. எழுத்துக்கள் ஒன்றையடுத்து ஒன்றாய் ஓலையின் ஓரம்வரை செல்லும். எந்த எழுத்திலும் வரியை முறித்து அடுத்த வரியிலே தொடரலாம். ஆதலின் வரிகள் இயல்பாகவே நிரம்பியிருந்தன.

மேனாட்டிலே 1455 ஆம் ஆண்டளவிற் கூட்டன்பேர்க்கு அச்சிட்ட விவிலியம் பக்கத்துக்கு இரண்டு பத்தியும், பத்திக்கு 42 வரியும் உடையது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னும் பெரிய பக்கத்தை இரண்டாகப் பகுக்கும் அம்முறை வாழ்கின்றது. நம் நாட்டிலே 1841 ஆம் ஆண்டு தை மாதம் யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' தமிழும் ஆங்கிலமுமாய் உதித்தது. 1849 ஆம் ஆண்டிற் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்த ஆறுமுக நாவலர், வசன நூல்களிற் சொற்களைப் பிரித்தும் நிறுத்தக்குறிகளை இட்டும் கற்பவர்க்கு வழியை எளிதாக்கினார். அச்சுக்கலை தமிழுக்கு அளித்த பெருங்கொடை இதுவே: சொல்லுக்குச் சொல் வெளி விடுதல். நாம் ஆராயப் போகும் இடர்ப்பாடும் அவ்வெளியிலிருந்தே பிறக்கின்றது.

கண்டிமா நகருக்கும் இதழ்களுக்கும் உள்ள உறவு பழமையானது. கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882 ஆம் ஆண்டில் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். கண்டிக்கு அணித்தாகிய தலாத்து ஓயாவைச் சேர்ந்த கே. கணேஷ், கே. இராமநாதனுடன் சேர்ந்து 1946 ஆம் ஆண்டிற் 'பாரதி' என்னும் இதழை நடத்தினார். 2000 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'ஞானம்' என்னும் இலக்கியச் சஞ்சிகை கண்டியிலிருந்து வெளிவரத் தொடங்கியது. இத்தகைய மரபினையுடைய ஊரிலே ஒரு பாடசாலை மடலும் செவ்விதாய் இருத்தல் வேண்டுமன்றோ?

நான் செய்த பிழை

யான் முன்னர்ப் பணியாற்றிய பாடசாலையொன்றிலே, மடலைக் கணினியில் அமைக்கும் பணி முதன்முறையாக என்னிடம் வந்தது. நாளிதழைப்போல் இருத்தல் வேண்டும் என்னும் ஆசையால் ஏ4 தாளை மூன்று பத்தியாகப் பிரித்தேன். நிறைய எழுத்துப் பிடிக்கவேண்டும் என்பதற்காகப் பத்திகளுக்கிடையே 3 மில்லிமீற்றர் மாத்திரமே வெளி விட்டேன். வரிகளின் இருபுற ஓரமும் நேராக நிற்குமாறு செய்தேன். கணினித் திரையில் அது மிக நேர்த்தியாகத் தோன்றிற்று.

இரண்டாம் பத்தியில், அத்தவணையிலே காலமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு அஞ்சலி. அதற்கு நேரே மூன்றாம் பத்தியில், போட்டிகளிற் பரிசு பெற்ற மாணவர் விபரம்.

மடல் வெளிவந்து சில நாளின் பின், கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். அவன் வீட்டிலே மடலை வாய்விட்டுப் படிப்பவன் அவனே. கேட்பவர் அவனுடைய பாட்டியார். காலமான ஆசிரியர், அப்பாட்டியாரின் மகனுக்கு, அதாவது அவன் தந்தைக்கு, எழுத்தறிவித்தவர்.

"சேர், அப்பாயி ஒண்ணு கேக்கச் சொன்னுச்சு. பெரிய சேர் செத்துப் போனாரா, இல்ல பரிசு வாங்குனாரா?"

மடலை வாங்கிப் பார்த்தேன். அவன் இரண்டாம் பத்தியின் வரியை முடித்துவிட்டு, அப்படியே மூன்றாம் பத்தியின் வரிக்குத் தாவிப் படித்திருக்கின்றான். "எம்முடன் நீண்டகாலம் பணியாற்றிய ஆசிரியர்" என்று தொடங்கியது, "மாகாண மட்டத்தில் முதலிடம்" என்று தொடர்ந்து, "இறைவனடி சேர்ந்தார்" என்று இறங்கி, "அவருக்கு எமது பாராட்டுக்கள்" என்று முடிந்தது. சிறுவன்மேற் குற்றமில்லை. பத்திகளுக்கிடையே நான் விட்ட வெளியிலும், அவ்வரிகளிற் சொற்களுக்கிடையே கணினி விட்ட வெளி அகலமாயிருந்தது. அகன்ற வெளியைத் தாண்டிப் பழகிய கண், குறுகிய வெளியை எல்லையென்று கருதுமா?

மலைநாட்டிற் கொழுந்து பறிப்போர் ஒவ்வொருவரும் தத்தமக்கு விட்ட நிரையிலே செல்வர். நிரைக்கும் நிரைக்கும் இடையே காலடி வைக்கத் தெளிவான வழியுண்டு. வழி மறைந்தால் ஒருவர் நிரையில் மற்றவர் புகுவர். அம்மாணவன் வீட்டார்க்கு நன்கு தெரிந்த இவ்வுண்மை, மடல் அமைத்த எனக்குத் தெரியாது போயிற்று. அந்தப் பாட்டியார் கைக்கு வரும் அச்சுத் தமிழிற் பெரும்பகுதி எங்கள் மடலே. அதுவும் அவருடைய துயரச் செய்தியைத் தெளிவாகச் சொல்லவில்லை. அன்று தொடங்கியே நான் அளவுகோல் கொண்டு பத்தியை ஆராயத் தலைப்பட்டேன்.

எத்தனை பத்தி?

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். இருபுறமும் 15 மில்லிமீற்றர் ஓரம் விட்டால் எழுத்துக்கு எஞ்சுவது 180. மூன்று பத்தி வைத்து, இடையே ஆறு ஆறாக 12 மில்லிமீற்றர் வெளி விட்டால் ஒரு பத்தியின் அகலம் 56 மில்லிமீற்றர். இரண்டு பத்தி வைத்து, இடையே 10 மில்லிமீற்றர் வெளி விட்டால் ஒரு பத்தி 85 மில்லிமீற்றர்.

11 புள்ளி அளவுள்ள தமிழ் எழுத்தில், எழுத்துருவைப் பொறுத்துச் சிறிது கூடியும் குறைந்தும், 56 மில்லிமீற்றர் வரியில் ஏறத்தாழ 16 முதல் 18 எழுத்துக்களே அமையும். இனி, நம் மடல்களில் அடிக்கடி வரும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்: "நடாத்தப்படவிருக்கின்றது". எண்ணிப் பார்த்தால் 14 எழுத்து. இச்சொல் ஒன்றே வரியைப் பெரும்பாலும் நிரப்பிவிடும். அதற்கு முந்திய வரியிலே இச்சொல் அடங்காமையால் அங்கே சிறு சொற்கள் இரண்டு மாத்திரம் நிற்கும். இருபுற ஓரமும் நேராதல் வேண்டும் என்று கணினிக்குக் கட்டளையிட்டால், அந்த இரண்டு சொல்லையும் வலமும் இடமுமாகப் பிரித்து நிறுத்தி நடுவே பெருவெளியை உண்டாக்கும். இத்தகைய வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாய் வரின், வெண்ணிற வாய்க்கால் ஒன்று பத்தியினூடே ஓடுவதுபோற் காணப்படும்.

ஆங்கிலத்திற் குறுகிய பத்தி இத்துணை இடர் செய்வதில்லை. அங்கே சிறு சொற்கள் பல; வரியொன்றில் ஆறேழு சொல் அமையும்; மிஞ்சிய வெளி பல இடைவெளிகளிற் பகிர்ந்துபோகும். தமிழிலோ வேற்றுமையுருபும், காலங்காட்டும் இடைநிலையும், விகுதியும் சொல்லோடு ஒட்டி நிற்பன. சொல் நீளும், இடைவெளி அருகும். ஆதலின் ஆங்கில மடலைப் பார்த்துத் தமிழ் மடலுக்குப் பத்தி வகுத்தல் பிழை. ஏ4 தாளிலே தமிழுக்கு இரண்டு பத்தியே பொருந்தும். மூன்று பத்தி வேண்டுமாயின் ஏ3 போன்ற பெரிய தாளை நாடுக. பெயர்ப் பட்டியல், நேரசூசி, போட்டி முடிவு ஆகியவற்றுக்கு மாத்திரம் மூன்று பத்தி ஏற்கும். அவற்றில் வரிகள் இயல்பாகவே குறுகியன.

கணினியில் அமைக்கும் முறை

மாணவர்காள், மைக்ரோசொப்ட் வேர்ட் என்னும் மென்பொருளைக் கொண்டு முறையை விளக்குகின்றேன். மெனுவிலுள்ள பெயர்கள் ஆங்கிலத்தில் இருத்தலால், அவற்றின் ஒலியையே தமிழில் எழுதுகின்றேன்.

முதலாவது, எழுத்து முழுவதையும் ஒரே பத்தியாகத் தட்டச்சுச் செய்து, பிழை திருத்தி முடிக்க. பத்தி பிரித்த பின் திருத்தத் தொடங்கினால் ஒரு சொல் கூடியதும் கீழுள்ள யாவும் இடம்பெயரும். வீடு கட்டி முடித்த பின் அத்திவாரத்தை மாற்றுவார் உளரோ?

இரண்டாவது, மடலின் பெயர், பாடசாலை இலச்சினை, தவணை, ஆண்டு ஆகியன அடங்கிய முகப்பைப் பக்கத்தின் முழு அகலத்திலும் அமைக்க. முகப்பின் முடிவிலே சுட்டியை நிறுத்தி, 'லேஅவுட்' என்பதிற் 'பிரேக்ஸ்' என்பதைத் திறந்து, 'கன்ரினியூயஸ்' என்னும் பிரிவு முறிப்பை இடுக. பக்கம் மாறாமலே முகப்பு ஒரு பிரிவாகவும், அதன் கீழுள்ளது மற்றொரு பிரிவாகவும் ஆகும். மாணவர் பலர் இந்த முறிப்பை இடாமலே பத்தி பிரிக்க முயன்று, முகப்பும் இரண்டாகப் பிளந்து போவதைக் கண்டு திகைப்பர்.

மூன்றாவது, சுட்டியை இரண்டாம் பிரிவில் வைத்து, 'லேஅவுட்' என்பதிற் 'கொலம்ஸ்' என்பதைத் திறந்து இரண்டு பத்தி எனத் தெரிக. அதன் அடியிலுள்ள 'மோர் கொலம்ஸ்' என்பதில் அகலத்தையும் இடைவெளியையும் நாமே குறிக்கலாம். இடைவெளி 8 முதல் 10 மில்லிமீற்றர்வரை இருக்கட்டும். அங்கேயே 'லைன் பிற்வீன்' என்னும் கட்டத்தைத் தெரிவுசெய்தால் பத்திகளுக்கு நடுவே மெல்லிய கோடு விழும். அக்கோடு அலங்காரமன்று, வாய்விட்டுப் படிக்கும் சிறுவனுக்கு அது வேலி.

நான்காவது, ஒரு கட்டுரை இரண்டாம் பத்தியின் தலையிலே தொடங்குதல் வேண்டுமாயின், என்டர் விசையைப் பன்முறை தட்டி இறக்கற்க. கொன்ட்ரோல், ஷிப்ட், என்டர் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துக. அது பத்தி முறிப்பாகும். என்டரைத் தட்டித் தட்டி இறக்கிய மடல் வேறொரு கணினியிலே திறக்கப்படும்போது நிலைகுலையும்.

ஐந்தாவது, கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி நிரம்பியும் மற்றது வெறிதாயும் நின்றால், எழுத்தின் முடிவில் மற்றுமொரு 'கன்ரினியூயஸ்' முறிப்பை இடுக. இரண்டு பத்தியும் ஒத்த உயரத்துக்கு வரும்.

பணம் கொடுத்து மென்பொருள் வாங்க இயலாத பாடசாலைகள், விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் என்னும் தொகுதியிலுள்ள ரைட்டரைப் பயன்படுத்தலாம். அதிலே பத்தியாக வேண்டிய பகுதியைத் தெரிவுசெய்து, 'போமற்' என்பதிற் 'கொலம்ஸ்' என்பதைத் திறந்தால், பத்தி எண்ணிக்கை, இடைவெளி, நடுக்கோடு ஆகிய மூன்றையும் ஒரே இடத்திற் குறிக்கலாம். தெரிவுசெய்த பகுதி தனிப் பிரிவாகிவிடும்.

வரியின் ஓரமும் சொல்லின் முறிவும்

இரண்டு பத்தியாக வகுத்த பின்னும் வரியின் ஓரத்தைப் பற்றிச் சிந்தித்தல் வேண்டும். இடப்புறம் நேராகவும் வலப்புறம் ஏற்றத்தாழ்வாகவும் விடுதலே தமிழுக்குத் தீங்கற்ற முறை. சொல்லிடைவெளி எங்கும் ஒரேயளவாய் இருக்கும், கண் வழுக்காது. வலப்புறமும் நேராதல் வேண்டும் என விரும்புவோர், நீண்ட சொற்களை வரியின் இறுதியிலே முறிக்கத் துணிதல் வேண்டும்.

பழைய அச்சுக்கோப்பாளர் இக்கலையில் வல்லவர். சொல்லை எழுத்தின் எல்லையில் முறித்து அடுத்த வரியிற் கோப்பர். ஆயின் புள்ளி பெற்ற மெய்யெழுத்து வரியின் தலையில் நிற்க விடமாட்டார். மெய் மொழிக்கு முதலாகாது என்னும் இலக்கண விதி அவர்கள் விரலிலே குடியிருந்தது. கணினி இவ்விதியைத் தானாக அறியும் என்று நம்பியிருத்தல் கூடாது. முறிக்க வேண்டிய இடத்திலே சுட்டியை வைத்து, கொன்ட்ரோல் விசையோடு சிறுகோட்டு விசையை அழுத்தினால், வேண்டும்போது மாத்திரம் தோன்றும் சிறுகோடு அங்கே பதியும். "நடாத்தப்பட" என்பதன் பின் முறிக்கலாம். "நடாத்" என்பதன் பின்னும் முறிக்கலாம். "நடா" என்பதன் பின் முறித்துத் தகர மெய்யை வரித்தலையில் நிறுத்துதல் வழு.

இதற்கு மாறாக, பிரியக் கூடாதவையும் உள. "1962" ஒரு வரியின் இறுதியிலும் "ஆம் ஆண்டு" அடுத்த வரியின் முதலிலும் நிற்றல் அழகன்று. ஒருவருடைய பெயரின் முதலெழுத்து ஒரு வரியிலும் பெயர் மறு வரியிலும் நிற்றல் மரியாதையன்று. இவற்றுக்கிடையே வெளிவிடும்போது கொன்ட்ரோல், ஷிப்ட் ஆகிய இரண்டையும் அழுத்திக்கொண்டு இடைவெளி விசையைத் தட்டுக. இரண்டும் இணைபிரியாது நிற்கும்.

வரிகளுக்கிடையேயும் போதிய வெளி வேண்டும். தமிழிலே கி, கீ முதலியவற்றின் மேல்விலங்கு மேலே எழும். கு, கூ, மு, மூ முதலியவற்றின் சுழி கீழே இறங்கும். மேல் வரியின் சுழியும் கீழ் வரியின் மேல்விலங்கும் முட்டாதிருக்க, ஒற்றை வரியிடைவெளிக்கு மேலாகக் காற்பங்கேனும் கூட்டுக. எழுத்து 11 புள்ளிக்குக் குறையாதிருத்தல் நன்று. பழைய மாணவரிற் பலர் மூக்குக்கண்ணாடி அணிந்த முதியோர் என்பதை மறத்தலாகாது. ஒரே புள்ளி அளவிலும் எழுத்துருக்கள் பருமனில் வேறுபடும். ஆகவே திரையிற் பார்த்துத் தீர்மானியாது, ஒரு பக்கத்தை அச்சிட்டுக் கையிற் பிடித்துப் பார்த்துத் தீர்மானிக்க.

எழுத்துரு என்னும் ஏடு

இனிச் சொல்லப்போவது பத்தியினும் முக்கியமானது. நம் நாட்டு அச்சகங்கள் பலவற்றிலும் பாடசாலைகளிலும் பாமினி என்னும் எழுத்துரு நெடுங்காலம் வழங்கியது; இன்றும் வழங்குகின்றது. அதன் இயல்பு யாதெனில், ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவங்களைப் பொருத்தியதாகும். "அம்மா" என்று நாம் எழுதினால், கணினியின் உள்ளே பதிவது நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி இல்லாத கணினியில் அதனைத் திறந்தால் அம்மா மறைந்து அவ்வைந்து குறிகளும் பொருளற்று நிற்கும்.

ஒருங்குறி என்பது அவ்வாறன்று. உலக மொழிகளின் எழுத்துக்களுக்குத் தனித்தனி எண் வகுத்த அம்முறையிலே, 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000 லதா என்னும் ஒருங்குறித் தமிழ் எழுத்துருவைத் தாங்கி வந்தது. ஒருங்குறியில் எழுதிய மடலைக் கண்டியிலே எழுதி இலண்டனிலும் ரொறன்ரோவிலும் திறக்கலாம். ஒரு பெயரைத் தேடினால் அகப்படும். எழுத்துருவை மாற்றினாலும் எழுத்து மாறாது.

சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) செல்லரித்த ஏடுகளைத் தேடி எடுத்து, 1887 ஆம் ஆண்டிற் கலித்தொகை முதலியவற்றை அச்சேற்றியிராவிடின் நாம் இழந்திருக்கக் கூடியவை எத்துணை! இன்று 2005 ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மடல்களையும் திரட்டிப் பேணி வருகின்றது. ஒரு பாடசாலையின் வரலாறு பிற்காலத்தே எழுதப்படுங்கால், எந்த ஆண்டில் எந்த ஆசிரியர் வந்தார், எவர் மறைந்தார், எந்த மாணவன் முதன்முதற் பல்கலைக்கழகம் புகுந்தான் என்பவற்றுக்கு மடலே சான்றாகும். மலைநாட்டுத் தமிழருடைய வரலாற்றில் எழுதப்படாது போனவை பல. எழுதியவற்றையேனும் திறக்கவொண்ணாக் கோப்பாக்கிப் பூட்டிவைத்தல் தகுமோ? பழைய பாமினிக் கோப்புக்களை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உள. மாற்றிய பின் ஒருமுறை மூலத்தோடு ஒப்புநோக்கிப் பிழை களைக.

தாளும் தொலைபேசியும்

மடல் அச்சுக்குச் செல்லுமுன் பக்கங்களை எண்ணுக. ஏ3 தாளை நடுவே மடித்து நான்கு ஏ4 பக்கமாக்குவதாயின், பக்கத்தொகை நான்கின் மடங்காய் இருத்தல் வேண்டும். நான்கு பக்க மடலில், தாளின் வெளிப்புறத்தே இடத்தில் 4 ஆம் பக்கமும் வலத்தில் 1 ஆம் பக்கமும், உட்புறத்தே 2 ஆம், 3 ஆம் பக்கங்களும் வரும். ஒரு கட்டுரையை முதற் பக்கத்திலே தொடங்கி மூன்றாம் பக்கத்துக்குத் தள்ளுதலைக் கூடியவரை தவிர்க்க. இயலாதாயின் "தொடர்ச்சி 3 ஆம் பக்கம்" என்று தெளிவாகக் குறிப்பிடுக.

இந்நாளிற் பழைய மாணவர் பலர் மடலைக் கையடக்கத் தொலைபேசியிலேயே படிக்கின்றனர். சிறு திரையிலே இரண்டு பத்தி துன்பந் தரும்: முதற் பத்தியின் அடிவரை இறங்கி, மீண்டும் மேலேறி, வலப்புறம் நகர்ந்து, மறுபடியும் இறங்குதல் வேண்டும். ஆதலின் தாளுக்கு இரண்டு பத்தி மடலும், தொலைபேசிக்கு ஒரே பத்தி மடலும் என இரண்டு வடிவம் செய்க. முறையாகப் பிரிவு முறிப்பு இட்டிருப்பின், பத்தியை ஒன்றாக்குதல் சில நிமிட வேலையே.

இறுதியாக ஒரு சோதனை. மடலின் முதற் பிரதியை, அதனை முன்பின் பாராத ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையிற் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் செய்க. அவன் எங்கே தடுமாறுகின்றானோ அங்கே பிழை மடலில் உள்ளது; அவனில் இல்லை. கலஹா மாணவன் எனக்குக் கற்பித்த பாடம் இதுவே. அடுத்த தவணை மடலில் அவ்வாசிரியருக்கான அஞ்சலியை மீண்டும் வெளியிட்டேன்: முழு அகலத்தில், சுற்றிலும் கோடிட்டு, அருகில் வேறெதுவும் வாராமல். அம்மாணவன் அதனை வீட்டிற் படித்துக் காட்டினான். பாட்டியார் முழுவதையும் கேட்டுவிட்டு, மடலை மடித்துச் சாமிப்படத்தின் பின்னே வைத்துக்கொண்டாராம்.

நாம் அமைக்கும் பக்கம் எவ்வாறு தோன்றுகின்றது என்பதன்று வினா. அது சென்று சேரும் வீட்டிலே எவ்வாறு ஒலிக்கின்றது என்பதே வினா. இவ்விழா மலரைக் கையிலேந்தும் மாணவச் செல்வங்கள், வருங்காலத்து மடல்களை அவ்வினாவை முன்வைத்தே அமைப்பாராக. பழைய மாணவர்களாகிய பெரியோரும், தம்மிடமுள்ள பழைய மடல்களையும் மலர்களையும் தேடி எடுத்துப் பாடசாலைக்கு ஒரு பிரதி நல்குவாராக.

வாழ்க தமிழ்! வளர்க கலைக்கூடம்!